புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது: என்ன சோதனை, என்ன வைத்தியம்?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

எனக்கு 63 வயது. பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டில் மகன், மருமகளோடு இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு விடியற்காலையில் இடதுபக்கம் புரண்டு படுத்ததும் தூண், உத்தரம் எல்லாம் சுழன்றன. ஒரே வாந்தி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் கழுத்தெலும்பு தேய்மானம் என்று காலர் பட்டை கொடுத்தார்கள். ஒன்றரை வருடமாக சின்னரிசின் மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னமும் இடதுபக்கம் படுத்தாலும், பரணைப் பார்க்க அண்ணாந்தாலும் அரை நிமிஷம் சுற்றுகிறது. மற்ற நேரமெல்லாம் கால் தரையில் பாவாத மாதிரி ஓர் ஆட்டம். காலையில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ஒரு வருடமாக இடது காதில் இரைச்சல், கேட்பதும் மந்தம். போன் பேச வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். பூண்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டோம். அன்றைக்குச் சுற்றியதுபோல் என்றைக்கும் சுற்றவில்லை. சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. உப்பை அடியோடு நிறுத்து என்கிறார்கள். மருமகள் எல்லாம் மனசுதான் என்கிறாள். எம்.ஆர்.ஐ. எடுக்கவா? சென்னைக்குப் போகவா? கடைசிவரை இப்படித்தானா? வைகாசியில் பேத்தி கல்யாணம் வைத்திருக்கிறோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்:

ஆச்சி, நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருமுன் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் கையால் எழுதிய நான்கு பக்கம். வரி தொடங்கும் இடத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. வரி முடியும் இடத்துக்குப் போகப் போகப் பொடியாகிவிடுகிறது. நான்காம் பக்கத்தில் சில சொற்களை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். நடுவில் ஓரிடத்தில், "கை லேசாக நடுங்குகிறது, வயசாகிவிட்டதல்லவா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

அதை வயசின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். சின்னரிசினை மாதக்கணக்கில் சாப்பிடும் பெரியவர்களுக்குப் பார்க்கின்சன் நோயில் வருவதைப் போலவே கை நடுக்கம், நடை தளர்ச்சி, எழுத்து சிறுத்துப்போவது, முகத்தில் களை இல்லாமல் போவது எல்லாம் வரலாம். தலைசுற்றல் என்றதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ப்ரோகுளோர்பெராசின் மாத்திரையும் இதைச் செய்யும். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் செய்ய வேண்டிய வேலையை இந்த மருந்துகள் மறிப்பதுதான் காரணம். மருந்தால் வந்த நடுக்கம் என்றால், மருந்தை விட்டபின் பெரும்பாலும் படிப்படியாகச் சரியாகும், சில மாதம் பிடிக்கும். உங்களுக்கு வந்திருப்பது அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இந்த வாரமே மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் போய், நடுக்கத்தையும் கையெழுத்தையும் காட்டி, "இதை நிறுத்தலாமா, எப்படி நிறுத்துவது?" என்று கேளுங்கள். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மாத்திரைகளுக்கு ஒரு நேரம் உண்டு. சுற்றலும் வாந்தியும் ஆளைப் புரட்டிப் போடுகிற முதல் இரண்டு மூன்று நாள் அவை நல்ல துணை. அதற்குமேல் தொடர்ந்தால், பழுதான சமநிலையைச் சரிக்கட்டப் பார்க்கிற மூளையையும் சேர்த்து மந்தமாக்கிவிடுகின்றன. இரண்டு நாள் சீட்டை இரண்டு வருடம் மருந்துக்கடையில் நீட்டி வாங்குகிறவர்களை நம் பக்கத்தில் வாராவாரம் பார்க்கிறேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

இனி உங்கள் சுற்றலுக்கு வருகிறேன். எதைச் செய்தால் சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். தலைசுற்றலில் காரணத்தைக் காட்டிக் கொடுப்பவை இந்த இரண்டும்தான். ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது ஒன்று. இருபது நிமிடம் முதல் பல மணி நேரம்வரை காதடைப்போடும் இரைச்சலோடும் வருவது வேறு. நாள்கணக்கில் விடாமல் சுற்றுவது இன்னொன்று. உங்களுடையது ஒன்றல்ல, நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொன்னதால் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கிடைத்திருக்கிறது.

இடதுபக்கம் புரண்டால், அண்ணாந்தால், அரை நிமிடம் சுழன்று நிற்பது பெரும்பாலும் உட்காதில் துகள் இடம் மாறியதால் வருவது. நாம் நிற்பதையும் சாய்வதையும் உணர உட்காதில் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு காலப்போக்கில் இறுகி எந்தப் பொருளாகிறதோ, அதே பொருள். வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ இவை உதிர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் போவது பின்பக்கக் குழாய்க்குள். நீங்கள் புரளும்போது துகள் நகர்கிறது, குழாயிலுள்ள திரவத்தையும் நகர்த்துகிறது. தலை அசையாமல் இருந்தாலும் சுழல்வதாக மூளைக்குத் தகவல் போகிறது. துகள் அடியில் படிந்ததும் சுற்றல் நின்றுவிடும். சி.டி. ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ இந்தத் துகள் தெரியாது. ஸ்கேன் சரியாக இருந்ததும், உங்களுக்குச் சுற்றியதும், இரண்டுமே உண்மை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டிலும் ஒரு ஜோடிக் கண்ணும் போதும். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952இல் விவரித்த சோதனை. கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை இடதுபக்கமாக 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்போம். தலை மட்டும் கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும். சில விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழி நெற்றிப் பக்கமாகவும் கீழே இருக்கும் காதின் பக்கமாகவும் சுழன்று சுழன்று துடிக்கும். உங்களுக்குக் கூரை சுழலும், பக்கத்தில் நிற்பவரின் கையை இறுகப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள், ஆச்சி. எங்களுக்கு வேண்டிய பதில் அங்கேதான் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

துடிப்பு தெரிந்துவிட்டால் அதே கட்டிலில், அதே நேரத்தில் வைத்தியம். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கி 1992இல் வெளியிட்ட முறை. தொங்கிய தலையை அப்படியே அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை வைத்திருந்து, மெதுவாக வலதுபக்கம் திருப்பி, அங்கேயும் அவ்வளவு நேரம் காத்திருந்து, உடம்பையும் வலது தோள்மேல் புரட்டி மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்து, பிறகு எழுப்பி உட்கார வைப்போம். துகள் வந்த வழியே பைக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிட வேலை. பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒன்று முதல் மூன்று தடவைக்குள் சரியாகிறது. உங்களுக்குக் கழுத்து வலி உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கேற்றபடி தாங்கிப் பிடித்துச் செய்வார்கள். இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வது உண்டு, இப்போது அது தேவையில்லை. யூடியூபில் பார்த்து வீட்டில் தானாகச் செய்வதை முதல் தடவைக்கு வேண்டாம் என்பேன். எந்தப் பக்கம், எந்தக் குழாய் என்று தெரியாமல் புரட்டினால் வாந்திதான் மிஞ்சும்.

சரியானபின் திரும்ப வராதா என்றால், வரலாம். ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இன்னொரு தடவை வருகிறது. வந்தால் மறுபடி அதே ஐந்து நிமிடம். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதை ஈடுகட்டினால் திரும்ப வருவது குறைகிறது. ரத்தப் பரிசோதனை கொடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இடது காதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் விவரம் வேண்டும். துகள் நோயில் காது மந்தமாகாது, இரைச்சல் வராது. ஆகவே உங்கள் காதுக்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. முதலில் காதுக்குள் பார்த்து அழுக்கு அடைத்திருக்கிறதா, சவ்வு ஓட்டையா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆடியோகிராம் என்ற கேட்புச் சோதனை. அதில் இடது காதின் நரம்புக் கேட்புத்திறன் வலது காதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், அப்போது எம்.ஆர்.ஐ. கட்டாயம் தேவை. கேட்பு நரம்பும் சமநிலை நரம்பும் சேர்ந்து போகிற எலும்புக் குழாயைக் குறிவைத்து எடுக்கும்படி கேளுங்கள். அந்த நரம்பில் மெல்ல வளரும் சாதாரணக் கட்டி ஒன்று உண்டு. அது புற்று இல்லை, அபூர்வமும்கூட. ஆனாலும் ஒரு காது மட்டும் மந்தமாகும்போது அதைப் பார்க்காமல் விடுவது தப்பு. சின்னக் கட்டி சி.டி.யில் தெரியாமல் போகலாம் என்பதால் பழைய ஸ்கேனை நம்பி இருந்துவிட வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால், சாயமருந்து செலுத்துமுன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்துக்கொள்வது நல்லது. எம்.ஆர்.ஐ. எடுக்கவா என்று கேட்டீர்களே: சுற்றலுக்காக எடுக்கத் தேவையில்லை, காதுக்காகத் தேவைப்படலாம். கேட்புச் சோதனை முடிவு கையில் வந்தபின் முடிவு செய்யுங்கள்.

பூண்டு எண்ணெய் விட்ட அன்று அப்படிச் சுற்றியதற்கும் காரணம் உண்டு. உடம்புச் சூட்டைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ எதைக் காதுக்குள் விட்டாலும், அந்தச் சூடும் குளிரும் உள்ளே பரவி அரைவட்டக் குழாயின் திரவத்தை நகர்த்திவிடும். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது அவர்களுக்குத் தலைசுற்றுவதைக் கவனித்தார். தண்ணீரின் சூட்டைப் பொறுத்துக் கண் துடிக்கிற பக்கமும் மாறுவதைக் கண்டு, அதையே உட்காதுக்கான சோதனையாக்கினார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்றைக்கும் பெரிய மருத்துவமனைகளில் அந்தச் சோதனை செய்கிறோம், காதுச் சவ்வு நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு. வீட்டில் பூண்டு எண்ணெய், வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். சவ்வில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும்.

உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னவர்கள் மெனியர் நோயை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். அதில் உட்காதுத் திரவம் பெருகி, மணிக்கணக்கில் சுற்றும். சுற்றும் நேரத்தில் காது அடைத்துக் கேட்பு குறையும், பிறகு தெளியும். உங்களுக்கு அப்படி மணிக்கணக்கில் வந்ததாக எழுதவில்லை. இனிமேல் வந்தால் தேதி, நேரம் போட்டுக் குறித்துவையுங்கள். பிரஷருக்காக உப்பைக் குறைக்கத்தான் வேண்டும், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. வத்தல், அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் என்று நம் பக்கத்துச் சாப்பாட்டில் உப்பு தட்டின் ஓரத்தில்தான் அதிகம். அங்கே குறைத்தால் போதும், குழம்பைச் சப்பென்று சாப்பிட வேண்டாம்.

கழுத்துக் காலரைக் கழற்றி வைத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அறுபது தாண்டியவர்களின் கழுத்து எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தேய்மானம் தெரியும், தலைசுற்றாதவர்களுக்கும் தெரியும். கை மரத்துப்போவது, பலம் குறைவது இல்லாதபோது சுற்றலுக்கு அதைக் காரணமாக்கிக் காலர் போட்டால், கழுத்து அசையாமல் போவதால் மூளை சமநிலையைப் பழகிக்கொள்வதும் தடைப்படும்.

எழுந்ததும் கண் இருட்டுவது காதின் வேலை இல்லை. ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாம் நிமிடத்தில் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். பிரஷர் மாத்திரையின் அளவோ, நேரமோ காரணமாக இருக்கலாம். பல வருடச் சர்க்கரை நரம்பைத் தொட்டிருந்தாலும் இப்படி ஆகும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், இந்த மூன்று அளவுகளை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காலை எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தபின் நில்லுங்கள். உள்ளங்கால் மரத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கால் தரையில் பாவவில்லை என்கிறீர்களே, அதில் பாதி அங்கேயிருந்தும் வரலாம்.

மருமகள் சொன்னதற்கு வருகிறேன். இது கற்பனை இல்லை. ஆனால் அவர் கவனித்ததில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பலமாகச் சுற்றிய ஒருவரின் மூளை, விழுந்துவிடுவோமோ என்று ஒவ்வோர் அடியையும் காவல் காக்கத் தொடங்கிவிடுகிறது. முதல் காரணம் போனபிறகும் அந்தக் காவல் நிற்காமல், நாளெல்லாம் ஓர் ஆட்டமாக மாதக்கணக்கில் நீடிக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும், கடைத்தெருக் கூட்டத்திலும் அதிகமாகும். அதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது, தெளிவான வரையறை 2017இல் வெளியானது. பிள்ளையார்பட்டிக்குப் போவதை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சுற்றும் என்று பயந்து விலக விலக இந்த ஆட்டம் கூடத்தான் செய்யும். உங்கள் மருமகளையும் சோதனைக்குக் கூட்டிப் போங்கள். கருவிழி துடிப்பதை அவர் ஒரு தடவை நேரில் பார்த்தால் போதும், வீட்டில் பேச்சே மாறிவிடும். அவரையே ஒரு வேலையும் கேளுங்கள்: அடுத்த தடவை சுற்றும்போது உங்கள் கண்ணைப் போனில் வீடியோ எடுக்கட்டும். எனக்கு அது ஸ்கேன் பிலிமைவிடப் பெரிய உதவி.

இந்த ஆட்டத்துக்கு மருந்து பயிற்சிதான். துகளைச் சரிசெய்தபின் தொடங்குங்கள். நாட்காட்டியில் உள்ள ஒரு பெரிய எண்ணை, கை நீட்டும் தூரத்தில் கண் மட்டத்தில் வைத்துக்கொண்டு, பார்வையை அதிலேயே நிறுத்தித் தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டுங்கள். எண் கலங்காமல் தெரிகிற வேகம் போதும். ஒரு நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று. அடுத்தது நடை. உங்களுக்கு வளவு இருக்கிறது, சுற்றிலும் பிடித்துக்கொள்ளத் தூண் இருக்கிறது, இதைவிட நல்ல இடம் கிடையாது. தூண் ஓரமாக நடந்தபடி இடதுபுறம் ஒரு தடவை, வலதுபுறம் ஒரு தடவை பாருங்கள். முதல் வாரம் கூட ஒருவர் வரட்டும். பயிற்சியின்போது லேசாகக் கிறுகிறுத்தால் பயப்பட வேண்டாம், அதைச் சந்தித்துத்தான் மூளை பழகும். பல வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

அதே வளவில்தான் விழவும் வாய்ப்பு. முற்றத்தில் மழை சாரலடித்து ஆத்தங்குடிக் கல் நனைந்திருந்தால் துடைக்கும்வரை காத்திருங்கள். நிலைப்படி உயரமாக இருக்கும், அதைத் தாண்டும்போது நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவில் பின்கட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பரணில் இருக்கும் பாத்திரத்தை யாராவது இறக்கித் தரட்டும். ஊருணியில் தனியாக இறங்குவது கூடவே கூடாது.

சில அறிகுறிகள் வந்தால் இதுவரை சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். சுற்றலோடு பேச்சு குழறினாலும், ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும், வாய் கோணினாலும், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலும், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டாலும், என்றைக்கும் இல்லாத தலைவலி வந்தாலும் மூளைக்கு ரத்தம் போவது தடைப்பட்டிருக்கலாம். சர்க்கரையும் பிரஷரும் உள்ள உங்களுக்கு இது முக்கியம். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். திடீரென்று ஒரு காது முழுதாகக் கேட்காமல் போனாலும் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

சென்னைக்கு இப்போது ஓட வேண்டாம். கட்டில் சோதனையையும் எப்லி முறையையும் காரைக்குடியில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரே செய்துவிடலாம். "டிக்ஸ் ஹால்பைக் பார்ப்பீர்களா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதற்கு மேலான சோதனைகளுக்கு சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன. மூன்றிலும் காதுக்கென்று தனித்துறை உண்டு.

கடைசிவரை இப்படித்தானா என்று கேட்டீர்கள். புரளும்போது சுற்றுவது அநேகமாக நின்றுவிடும். கண் இருட்டுவதை மருந்தின் அளவை மாற்றிக் குறைக்கலாம். நாளெல்லாம் வரும் ஆட்டம் மெதுவாகத்தான் குறையும். காது மந்தத்துக்குக் காரணம் தெரியாமல் வாக்குக் கொடுக்க மாட்டேன். போன கேட்புத்திறன் திரும்பாவிட்டாலும் காதுக் கருவி வைத்துக்கொள்ளலாம், இரைச்சலும் அதில் பலருக்கு அடங்குகிறது.

வைகாசிக் கல்யாணத்துக்குத் தாராளமாகப் போகலாம். காரில் முன்சீட்டில் உட்காருங்கள், வழியில் போனைப் பார்க்க வேண்டாம். திருப்பூட்டும் நேரத்துக் கூட்டத்தில் ஒரு தூண் பக்கமாக நின்றுகொள்ளுங்கள், பேரப்பிள்ளை ஒருவன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அதற்குள் சோதனைக்குப் போய்வந்துவிடுங்கள். போகிற அன்று காலையில் வயிறு நிறையச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதால் வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்து இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆடியோகிராம் எடுத்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.